பார்த்தவர் கையொப்பம்

பிப்ரவரி 12, திங்கள்

பழைய சரக்கில் கடைசி ட்யூப் இன்று தீர்ந்துபோனது. கோகிலவாணி அக்கா அதைக் கவிழ்த்துப் பிடித்து, நகத்தால் தட்டி, அடியில் ஒட்டியிருந்த இரண்டு மைக்ரோ லிட்டரையும் விடாமல் உறிஞ்சி எடுத்தாள். "அவ்வளவுதான் அம்மிணி. இனி நீதான் எனக்குக் கதி" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

நாளைக்கு நானே மறந்துவிடுவேன் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். அந்த ட்யூபில் இருந்தது மனிதப் புரதம். மனிதரிடமிருந்து எடுத்தது இல்லை. அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிட்டால், அது தன் சொந்த வேலையை விட்டுவிட்டு நமக்காக இந்தப் புரதத்தைச் செய்துகொண்டிருக்கும். நம் செல்லுக்குள் ஆர்என்ஏ இழை முதலில் நீளமாக, கச்சாவாகத்தான் வரும். அதைச் சரியான இடத்தில் வெட்டிப் பக்குவப்படுத்துவது இந்தப் புரதம்தான் என்பது அக்காவின் ஆராய்ச்சி. அதனால் லேபில் இதன் செல்லப் பெயர் கத்திரி.

மூன்று வருடம் முன்பு, நான் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட்டாக இங்கே சேர்ந்த புதிதில், முதல் கத்திரி சரக்கைச் செய்தது நான். நாற்பது ட்யூப். ஆர்என்ஏவை அழகாக ஒரே இடத்தில் வெட்டியது. அதை வைத்து அக்கா ஒரு கட்டுரை போட்டாள், தீசிஸில் பாதியை எழுதினாள். எங்கள் லேப் தலைவர் திருவேங்கடம் சார் அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "ரெஜினாவுக்குக் கைராசி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 8 அன்று அக்கா தீசிஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் கடைசிச் சோதனையைப் புதுச் சரக்கில் ஒரு முறை செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். "அன்னிக்கு எப்படிப் பண்ணினியோ அப்படியே பண்ணும்மா. ஒண்ணும் மாத்திராதே" என்றார் சார்.

சரி சார் என்றேன். எனக்கென்ன பயம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அலமாரியிலிருந்து என் பழைய நோட்டு 4-ஐ எடுத்தேன். பக்கம் 22. அன்றைய செய்முறை முழுவதும் எழுதியிருக்கிறது. உப்பு எவ்வளவு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எல்லாம்.

லேப் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கோடுகள் உண்டு. செய்தவர் கையொப்பம், பார்த்தவர் கையொப்பம். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது, பார்த்தவர் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பக்கம் 22-இல் பார்த்தவர் கோட்டில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. அன்று அக்கா காய்ச்சலில் விடுதியில் படுத்திருந்தாள், மறுநாள் வந்துதான் போட்டாள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம்.

இந்த டைரியில் அந்தக் கோடுகள் கிடையாது.

பிப்ரவரி 14, புதன்

பாக்டீரியா குடுவைகள் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்று சாம்பல் புதன், திண்டுக்கல்லில் இருந்து அம்மா போன். "சாம்பல் பூசிக்கிட்டியா?" பூசிக்கொண்டேன் என்றேன். "பாவசங்கீர்த்தனம்?" பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்ல வரிசை நீளமாக இருந்தது என்றேன். நான் வரிசைப் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

பாக்டீரியாவை உடைக்கும் நாள். ஐஸில் வைத்து ஒலி அலை கொடுத்தால் அவை உடைந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். கத்திரியும் வரும், அதனுடன் சேர்ந்து பாக்டீரியாவின் டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாமும் வரும். அந்தக் குழம்பு வெண்டைக்காய் நறுக்கிய கத்தி மாதிரி வழவழ என்று இழுக்கும். வடிகட்டியில் இறங்காது.

இன்று அப்படித்தான் இறங்காமல் நின்றது. சன்னமான ஊசி வழியாக முப்பது தடவை இழுத்து இழுத்து விட்டேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அக்கா வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஏன் அம்மிணி இவ்வளவு கஷ்டப்படற? போன தடவை ஒரே நாள்ல முடிச்சேன்னு சொன்னியே."

"அப்ப பாக்டீரியா கம்மியா வளர்ந்திருக்கும்க்கா."

நோட்டில் எவ்வளவு வளர்ந்தது என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு வளர்ந்த அதே அளவுதான். அக்கா நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

புதுச் சரக்கு சுத்தமாக வந்திருக்கிறது. இவ்வளவு சுத்தமாக நான் இதுவரை செய்ததில்லை.

அது வெட்டவில்லை.

ஆர்என்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில் இழை முழு நீளத்துக்கு அப்படியே நிற்கிறது, ஒரு கீறல் கூட இல்லை. சார் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "புரதம் செத்துப்போச்சு. எங்கியோ சூடு பட்டிருக்கும். மறுபடி பண்ணு" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இரண்டாவது குடுவை போட்டாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

ஹைதராபாத்தில் இருந்து ஒரு குழு சாருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நம் கட்டுரையைப் படித்துவிட்டுக் கத்திரியை அவர்களே செய்து பார்த்தார்களாம். வெட்டவில்லையாம். "நாங்கள் இன்ஹிபிட்டர் சேர்க்கிறோம், நீங்களும் சேர்க்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆர்என்ஏவைத் தின்னுகிற ஒரு நொதி உண்டு, ஆர்என்ஏஸ் என்று பெயர். நம் வியர்வையில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் சாகாது. இன்ஹிபிட்டர் அதைப் பிடித்து வாயைக் கட்டிவிடும். கத்திரியை ஒன்றும் செய்யாது. ஆர்என்ஏ வேலை செய்கிற லேபில் எல்லோரும் அதைச் சேர்ப்பார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை. ஏன் சேர்ப்பதில்லை என்று இன்று சார் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "ஆரம்பத்துலிருந்தே அப்படியே பண்ணிப் பழகிட்டோமுங் சார்" என்றாள். சார் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

மதியம் பழைய அளவுகள் பார்க்க அக்காவின் நோட்டு 2-ஐ வாங்கினேன். முதல் சரக்கு செய்த வருடத்து நவம்பர் மாதப் பக்கங்கள். 61-ம் 62-ம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெல் படம் ஒட்டும்போது பசை வழிந்திருக்கும். பிரிக்கப் போனேன். "கிழிஞ்சு போயிரும், உட்ரு" என்று அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்காவின் ஊரான கோபியில் அவள் சித்தப்பா ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டாராம். "டாக்டர் கோகிலவாணி" என்று படத்தோடு மாதிரி வந்திருக்கிறது. போனில் காட்டினாள். படத்தில் அக்கா கண்ணாடி இல்லாமல் யாரோ மாதிரி இருக்கிறாள். "எங்கய்யன் பெட்டிக்கடை முன்னாடிதான் கட்டோணும்னு நிக்கறாரு" என்று அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

பிப்ரவரி 26, திங்கள்

இரண்டாவது சரக்கும் வெட்டவில்லை.

எத்தனை நாள் இந்த டைரியிடமும் பொய் சொல்வது. பக்கம் 22-இல் எல்லாம் எழுதியிருக்கிறது என்று 13-ஆம் தேதி எழுதினேன். எல்லாம் இல்லை.

எம்.எஸ்சி. படிக்கும்போது மதுரையில் ஒரு லேபில் ஆறு மாதம் இருந்தேன். அங்கே குழம்பு வழவழ என்று நின்றால் யாரும் ஊசியை எடுக்க மாட்டார்கள். டிஎன்ஏவைத் தின்னும் நொதியையும் ஆர்என்ஏஸையும் கலந்து மஞ்சள் மூடி ட்யூபில் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் குழம்பு தண்ணீராகிவிடும். ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி, யாரும் அதை நோட்டில் எழுதுவது கூட இல்லை. அந்த லேபில் செய்த புரதங்களுக்கும் ஆர்என்ஏவுக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் பாதகமில்லை.

இங்கே வந்த முதல் மாதம். அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். குழம்பு நின்றுவிட்டது. இந்த லேபிலும் அதே மாதிரி ஒரு மஞ்சள் மூடி ட்யூப் இருந்தது, வேறு வேலைக்காக வைத்திருந்தது. கை தன்னால் போனது. யோசிக்கவே இல்லை.

ஆர்என்ஏவை வெட்டுகிற புரதம்தானா என்று சோதிக்கப்போகிற சரக்கில், ஆர்என்ஏவைத் தின்னுகிற நொதியை நானே ஊற்றினேன். அது எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போகாது. மிகக் கொஞ்சமாக ஒட்டியிருந்தால் இழையில் எது பலவீனமான இடமோ அங்கே மட்டும் வெட்டும். ஒரே இடத்தில், அழகாக.

ஒப்பிட்டுப் பார்க்க, வேலை செய்யாதபடி மாற்றிய கத்திரி ஒன்றையும் செய்திருந்தோம். அதைச் செய்தது அக்கா, தன் கையால், ஊசியால் இழுத்து இழுத்து. அது வெட்டவில்லை. அதனால் எல்லாம் பொருந்தி வந்தது. கட்டுரையைப் பார்த்த நிபுணர்களும் சரி என்றார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும்? இப்போதுதான் தெரிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது.

பிப்ரவரி 28, புதன்

அறிவியல் தினம். பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் லேபைப் பார்க்க வந்தார்கள். சார் என் கையைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் ராசியான கை" என்று காட்டினார். பிள்ளைகள் கை தட்டின. ஒரு பெண் வந்து கை கொடுத்தாள். கையுறையைக் கழற்றாமலே கொடுத்தேன்.

மார்ச் 1, வெள்ளி

கேண்டீனில் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். வாக்கியத்தை நடந்துகொண்டே மனப்பாடம் பண்ணியிருந்தேன். டீ வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ என்னமோ பண்ணியிருக்கற, அம்மிணி. அது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அதையே பண்ணிப்போடு."

"அக்கா..."

"ஏழு வருசம் ஆச்சு கண்ணு. எங்கய்யன் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. இன்னும் ஒரே ஒரு ஜெல்லு." டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பாவம், அவளும் கைராசியை நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

சொன்னால் அக்காவின் ஏழு வருடம் போகும். சொல்லாவிட்டால், மறுபடி செய்யச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் யாராவது இன்ஹிபிட்டரைப் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டில் எது வந்தாலும் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். அதுதான் எனக்குப் பயம், வேலை போவது கூட இல்லை.

மார்ச் 4, திங்கள்

மூன்றாவது சரக்கு. குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் மஞ்சள் மூடி ட்யூப் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சும்மா பார்த்தேன்.

இன்று குழம்பு சீக்கிரம் வடிந்துவிட்டது. நோட்டில் செய்முறை எழுதினேன். பார்த்தவர் கோட்டில் அக்கா உடனே கையெழுத்துப் போட்டாள், படிக்காமல்.

மார்ச் 5, செவ்வாய்

வெட்டியது. ஒரே இடத்தில்.

சார் பெட்டி நிறைய லட்டு வாங்கி வந்தார். "நான் சொல்லலை? கைராசி!" எல்லோரும் ஜெல் படத்தைச் சுற்றி நின்றார்கள். அக்கா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் லட்டு மாலை வரை மேசையில் அப்படியே இருந்தது, எறும்பு வந்துவிட்டது.

இன்று பதினோரு தடவை கை கழுவினேன். எண்ணினேன்.

மார்ச் 6, புதன்

புதுச் சரக்கில் பத்து ட்யூப் ஹைதராபாத்துக்கு அனுப்பச் சொன்னார் சார். "நம்ம சரக்கைப் போட்டுப் பாக்கட்டும், அப்பத் தெரியும்." உலர் பனிக்கட்டிப் பெட்டி தயார். நாலு மணிக்குக் கூரியர்.

முகவரி சரிபார்க்க மூன்று மணிக்கு அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டாள். வேலூர்க்காரியாம், முதல் வருடம், பெயர் ஷமீனா.

"எட்டு மாசமா வரவே இல்லக்கா. எங்க மேடம், உன் கைதான் சரியில்லன்னுட்டாங்க. படிப்பை விட்டுட்டு ஊருக்கே போயிரலாமான்னு இருந்தேன். உங்க ட்யூப் வந்தாத்தான் எனக்கு உயிரே வரும்."

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"உன் கை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவள் செய்தது சரி. அவள் கத்திரி வெட்டாததுதான் சரி. எட்டு மாதமாக அந்தப் பெண் என் ஒரு சொட்டால் அழுதுகொண்டிருக்கிறாள். என்னைப் போல அவளும் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்திருப்பாள்.

பனிக்கட்டி தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று கூரியர்காரரைத் திருப்பி அனுப்பினேன். பெட்டி என் காலடியில் புகைந்துகொண்டிருந்தது.

மார்ச் 7, வியாழன்

காலை ஏழு மணிக்கே லேபுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது சரக்கை எடுத்து இரண்டு ட்யூபில் சோதனை போட்டேன். ஒன்றில் இன்ஹிபிட்டர், ஒன்றில் இல்லை. இன்ஹிபிட்டர் இல்லாததில் வெட்டு இருந்தது. சேர்த்ததில் ஆர்என்ஏ முழுசாக நின்றது.

இவ்வளவு எளிய சோதனை. இரண்டு மணி நேரம் போதும். மூன்று வருடம் நான் செய்யவில்லை.

நோட்டு 11, பக்கம் 40-இல் எழுதினேன். முதல் சரக்கில் ஒரு சொட்டு விட்டது, நோட்டு 4 பக்கம் 22-இல் அதை எழுதாதது, திங்கட்கிழமை தெரிந்தே மறுபடி விட்டது, இன்றைய ஜெல். படத்தையும் ஒட்டினேன். "தெரிந்தே" என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அழிக்கக் கூடாதே, அதனால் அதே இடத்தில் தொடர்ந்து எழுதினேன். செய்தவர் கோட்டில் என் கையெழுத்தைப் போட்டேன்.

முதலில் சாரிடம் போவதா, அக்காவிடமா? அக்கா தீசிஸ் பிரிண்ட் எடுக்கப் போயிருந்தாள். நாளைக் காலை கொடுக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் சாரிடம் போனால் அது முதுகில் குத்துவது. நோட்டை அவள் மேசையில் விரித்து வைத்தேன். காற்றில் பக்கம் திரும்பாமலிருக்க அவளுடைய கண்ணாடிக் கூட்டை மேலே வைத்தேன். ஓடி வந்துவிட்டேன். ஆமாம், ஓடினேன்.

விடுதியில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன். அக்கா அழுவாளா, கத்துவாளா, பக்கத்தைக் கிழிப்பாளா. அவள் கிழித்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

சார் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் பத்தரைக்கு வருவார். இப்போது பத்தே கால்.

காலையில் லேபுக்குப் போனேன். என் மேசையில் நோட்டு 11 இருந்தது. பக்கம் கிழியவில்லை. பார்த்தவர் கோட்டில் அக்காவின் கையெழுத்து இருந்தது, நிதானமாக, நேற்றைய தேதியோடு. அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி:

"படித்தேன். என் நோட்டு 2, பக்கம் 61-ஐயும் சேர்த்துப் பார்க்கவும்."

நோட்டு 2 அதற்கு அடியிலேயே இருந்தது. ஒட்டியிருந்த பக்கங்களை பிளேடால் பிரித்திருக்கிறாள். 61-இல் ஒரு ஜெல் படம். முதல் சரக்கு, இன்ஹிபிட்டர் சேர்த்தது, சேர்க்காதது. நேற்று நான் பார்த்த அதே படம், மூன்று வருடம் முன்பு நவம்பரில். செய்தவர் கோட்டில் கோகிலவாணி. பார்த்தவர் கோடு காலி.

திரும்பினால் அக்கா நிற்கிறாள். இரவெல்லாம் தூங்காத முகம்.

"அப்பவே உன்னக் கேட்டிருக்கோணும்" என்றாள். "கேட்டா நீ சொல்லிருவியோன்னு பயம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. மூன்று வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் பேனாவை எடுத்து, பக்கம் 61-இன் காலிக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். இன்றைய தேதியைத்தான் எழுதினேன்.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பைண்டு செய்த தீசிஸ் நாலு பிரதி, பைண்டிங் பசை வாசனையோடு. அவளுடைய அய்யன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. எழுத்து கோணலாகப் போகிறது. பயமில்லை என்று இனி எழுதப்போவதில்லை.

மாடிப்படியில் சாரின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

"எதை அம்மிணி முதல்ல காட்டறது? உன்றதா, என்றதா?" என்று அக்கா கேட்கிறாள்.

"என்னோடதுதான்க்கா. அந்தச் சொட்டுதான முதல்ல விழுந்தது."